கம்பியில் ஒரே ஒரு சேலை

சிரிப்பு வரும். உடனே வராது. முதலில் செல்லத்துரை அண்ணாச்சி புலம்பி முடிக்கட்டும்.

“நூறு சேலையை விரிச்சுப் போட்டாலும் ஒண்ணும் எடுக்காமப் போறாகம்மா. ஏன்?”

கேட்டவருக்கு அறுபது வயது. கோவில்பட்டியில் ஜவுளிக்கடை.

கேட்கப்பட்டவள் ஜெபராணி. வயது இருபத்தாறு. கடைகளின் உள்ளே எது இருக்க வேண்டும், எது கூடாது என்று சொல்வது அவள் தொழில்.

“வாரவுக என்ன சொல்லுதாக, அண்ணாச்சி?”

அண்ணாச்சி குரலை மெலிதாக்கினார். “‘இதுல பச்சை இருக்கா? பச்சையில கரை சின்னதா இருக்கா? சரி, அம்மாவைக் கூட்டிட்டு வாரோம்.’ ஒரு அம்மாவும் இதுவரை வந்ததில்ல.”

“பாதி ரேக்கைக் கழட்டிருவோமா?”

“கடை காலியாயிட்டுன்னு ஊரே பேசும்! இந்த ஆடியும் ஓடலைன்னா செல்போன்காரனுக்குக் கடையை விட்டுட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான். நீ இருக்கதையும் கழட்டச் சொல்லுத!”

“நாளைக்கு என் ஆபீசுக்கு வாங்க.”

வந்தார்.

வெள்ளைச் சுவர். ஒரு கம்பி. கம்பியில் ஒரே ஒரு சேலை, முந்தி விரிந்து தொங்கியது. எதிரே ஒரு நாற்காலி.

ஜெபராணி டீ போடப் போனாள். ஒரு டீக்கு அத்தனை நேரம் ஆகாது.

திரும்பி வந்தபோது நாற்காலி காலி. அண்ணாச்சி சேலைக்கு முன்னால் நின்றிருந்தார்.

“கருநீலம்னு நினைச்சேன். வெளிச்சம் பட்டா மயில் கழுத்தா மாறுதே! எந்த ஊர்ச் சரக்கும்மா?”

“ஒரு கடையில நேத்து வாங்கினேன்.”

“எனக்கு இருபது வாங்கிக் குடு.”

“ஒண்ணுதான் இருந்துச்சு. ரேக்குல, அடியோ அடியில. நாலு தரம் கேட்ட பிறகுதான் கடைப்பையன் உருவிக் குடுத்தான்.”

“இதையா அடியில போட்டான்? எவம்மா அந்தக் கூமுட்டை?”

ஜெபராணி டீயை ஆற்றினாள்.

“கண்ணு தெரியுமா அவனுக்கு? கூட்டிட்டுப் போ என்னை. நாக்கைப் பிடுங்குத மாதிரி நாலு கேள்வி கேக்கேன்.”

“கேளுங்க அண்ணாச்சி. கடைச் சீட்டு உள்கரையில இருக்கு.”

திருப்பினார்.

ஊசியால் குத்திய சின்னச் சீட்டு. விலை பேனாவால் எழுதியிருந்தது. ஏழின் வால் நீண்டு, விலைக்குக் கீழே ஒரு கோடு இழுத்திருந்தது. அவருடைய கையெழுத்தேதான்.

டீயில் ஆடை படிந்தது.

“எந்த ரேக்கை முதல்ல கழட்டணும்மா?” என்றார், திரும்பாமலே.