பூமத்திய ரேகையை அறுத்துக் கட்டிய டிரைவர்

உத்திராபதி அண்ணன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பொய் என்றால் அதற்குப் பக்கத்தில் எங்கேயாவது ஒரு உண்மை இருக்க வேண்டும். அவர் பேச்சில் அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது.

மீன்பிடித் தடைக்காலம் முடிய நாலே நாள் இருந்தது. வலைக் கூடத்தில் உட்கார்ந்து தமயந்தி அக்காவின் விசைப்படகுக்கு வலை தைத்துக்கொண்டிருந்தோம். படகு இருக்கிறது, வலை இருக்கிறது, தொழிலுக்குப் போக ஆட்கள் இருக்கிறோம். டிரைவர்தான் இல்லை. பழைய டிரைவர் வேறு போட்டுக்கு மாறிவிட்டான். போகிறபோது ஜிபிஎஸ் பெட்டியில் இருந்த பாயிண்ட் அத்தனையையும் அழித்துவிட்டுப் போனான். அதைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊர் வழக்கத்தில் போட்டு முதலாளிக்கு, பாயிண்ட் டிரைவருக்கு. மீன் கூடுகிற மடை இருக்கிற இடத்தின் வடக்கு எண்ணையும் கிழக்கு எண்ணையும் ஒருத்தன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டான்.

முதல் நடையில் வெறுங்கூடையோடு திரும்பினால் நாங்கள் ஆளுக்கொரு போட்டைப் பார்த்துக்கொண்டு போய்விடுவோம். அக்காவின் புருஷன் இடுப்பில் அடிபட்டுப் படுத்திருக்கிறார். ஆள் இல்லாத படகு கரையில் கிடந்து காய வேண்டியதுதான். அந்தக் கவலையில் அக்கா நாலு நாளாகக் குப்பம் முழுக்க டிரைவர் தேடிக்கொண்டிருந்தாள். சேதி காதில் விழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானாகவே வந்து சேர்ந்தார் உத்திராபதி அண்ணன்.

"கவலைப்படாத தங்கச்சி. பாயிண்ட் அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போவுது. இந்த ஒலகத்துல எந்த எடம் எங்க இருக்குன்னு எனக்கு மனப்பாடம்."

"எவ்வளவு சுத்தமா சொல்லுவீங்கண்ணே?" என்று அக்கா ஆசையாகக் கேட்டாள்.

"மத்தவன் பொட்டியில புள்ளிக்கு அப்புறம் மூணு எண்ணு. எனக்குப் பதினாலு. ஒரு நண்டு வளைக்குள்ள போச்சுன்னா அதோட எத்தனாவது கால் கடைசியா உள்ள போச்சுன்னு எழுதித் தருவேன்."

கோடிலிங்கம் தலை நிமிராமல் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயசு, போட்டு ஓட்டுவதை விட்டுவிட்டு வலைக்கு வந்தவர், கை ஓயாது, பேச்சில் மட்டும் மகா கஞ்சன். "போன மாசம் உன் செருப்பத் தேடி மூணு நாள் அலைஞ்சியே உத்திராபதி?" என்றார்.

"செருப்பு நடமாடுற பொருளு கோடி. அதுக்கு நெலையான எடம் கெடையாது." அண்ணன் அசரவே இல்லை. "ஆனா ஒண்ணு, நானும் ஒருக்கா தப்புப் பண்ணியிருக்கேன். ஒத்துக்கிறேன்."

நாங்கள் ஊசியை நிறுத்திவிட்டோம். உத்திராபதி அண்ணன் தப்பை ஒத்துக்கொள்கிறார் என்றால் பெரிதாக ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"நம்ம நாகப்பட்டினம் வடக்குப் பத்தே முக்கால், கிழக்கு எம்பதுக்குக் கொஞ்சம் கம்மி. தொழில் முடிச்சு ஊருக்குத் திரும்பணும். தூக்கக் கலக்கத்துல வடக்குல போட வேண்டியதக் கிழக்குலயும் கிழக்குல போட வேண்டியத வடக்குலயும் மாத்தி அடிச்சிட்டேன். பொட்டியில அம்பு காட்டுச்சு. நானும் அம்பு காட்டுன பக்கமே போறேன், போறேன், கரையே வரல. பாத்தா சுத்தி வெள்ளையா இருக்கு. சரி, ஐஸ் பிளாண்டுகிட்ட வந்துட்டோம்னு நெனச்சேன். கயித்தைக் கட்டலாம்னு எறங்குனா எதுக்க ஒரு வெள்ளைக் கரடி நிக்குது!"

"அது வட துருவம் பக்கம்ல?" என்றேன். "நடுவுல இமயமலை இருக்கே, போட்டு எப்படிண்ணே போச்சு?"

"அந்த வருஷம் மழை கொஞ்சம் ஜாஸ்தி."

இமயமலையை அதோடு விட்டுவிட்டு அண்ணன் மேலே போனார்.

"வந்ததே வந்துட்டோம், துருவத்தையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவலாம்னு போனேன். பூமியில மேலயும் கீழயும் ஓடுற கோடு இருக்குல்ல, அத்தனையும் அங்க ஒரே எடத்துல கொத்தாக் கட்டிக் கெடக்கு. என்னா கட்டு அது! ஒரே சிக்கு. வலை தச்ச கையி சும்மா இருக்குமா? ஒவ்வொண்ணா எடுத்து சிக்கு பிரிச்சு அழகா முடிச்சு போட்டேன். ஒரு காலு ஞாயித்துக்கெழமையில, இன்னொரு காலு திங்கக்கெழமையில. குந்துனது எந்தக் கெழமையிலன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல."

"இங்க சிக்கு விழுந்த வலை ஒண்ணு மூலையில கெடக்கு, அதையும் பிரிச்சிடுறியா?" என்றார் கோடிலிங்கம். அண்ணனுக்கு அந்த நேரம் பார்த்துக் காது அடைத்துக்கொண்டது.

அக்கா மட்டும் பொறுமையாக, "சரி, திரும்பி வந்தீங்கள்ல?" என்று கேட்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் கவலை. போன படகு திரும்பி வர வேண்டும்.

"வந்தேன். ஆனா எறக்கம் பாரு, வேகத்துல நம்ம ஊரத் தாண்டிப் போயிட்டேன். ஒரு எடத்துல டக்குனு இஞ்சின் நின்னுபோச்சு. கத்தியப் பல்லுல கடிச்சிக்கிட்டுக் குதிச்சேன். கீழ பாத்தா தண்ணியத் தள்ளுற காத்தாடியில என்னா சுத்தியிருக்கு தெரியுமா?"

"பழைய வலையா?"

"பூமத்திய ரேகை!"

கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். நிஜமாகவே ஒருத்தன் கையிலிருந்து ஊசி விழுந்தது.

"நல்லா மொத்தமான கயிறு. மூணு எடத்துல அறுத்துத்தான் காத்தாடிய விடுவிச்சேன். அப்படியே விட்டுட்டு வர முடியுமா? வடக்கு வேற, தெற்கு வேறன்னு எல்லாம் பிரிஞ்சு போயிடும்ல. முங்கி முங்கி மூணு முடிச்சு போட்டேன். அவசரத்துல கொஞ்சம் தொளதொளன்னு ஆயிப்போச்சு. அதனாலதான் பூமி நடுவுல உப்பியிருக்கு. சந்தேகம்னா எந்தப் படிச்சவன வேணாலும் கேட்டுப்பாரு."

படித்தவன் யாரும் அங்கே இல்லை. அது அவருக்கு வசதியாகப் போயிற்று. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் கையமர்த்தினார்.

"இரு தங்கச்சி, முக்கியமானது இனிமேதான். ஜிபிஎஸ் பொட்டி எடம் சொல்லணும்னா மேல நாலு சேட்டிலைட்டாவது தெரியணும். அன்னிக்குப் பாத்தா மூணுதான் தெரியுது. நாலாவதக் காணும். நடுக்கடல்ல எத்தன போட்டு தவிக்கும்? ஒரு பெரிய அலை வந்துச்சு. அது உச்சிக்குப் போன நேரம் பாத்து எட்டி ஒரு தாவு. நாலாவது எடத்துல நானே குந்திட்டேன். மூணு நாளு. கீழ இருக்கிற போட்டுக்கெல்லாம் நான்தான் எடம் சொன்னேன்."

"மூணு போட்டு மணல்திட்டுல ஏறி நின்னிச்சே, அந்த வாரமா?" என்றேன்.

"அது அவனுங்க நான் சொன்னதக் கேக்காததால." என்னை ஒரு முறை முறைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பிக்கொண்டார். "மேல போயிட்டா வடக்கும் கெடையாது, கெழக்கும் கெடையாது. நச்சத்திரத்துக்கெல்லாம் எப்படி எடம் சொல்லுறதுன்னு நெனைக்கிற? அந்தக் காலத்துல மேஷத்துல ஒரு மொளை அடிச்சு வச்சிருக்கான். அங்கேருந்துதான் எண்ணணும். நான் போய்ப் பாக்குறேன், மொளை நழுவி மீன ராசிக்குள்ள போய்க் கெடக்கு! ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்தேன். அசைஞ்சிடுச்சு. அப்புறம் யோசிச்சேன். இத மாத்தி வச்சா ஊருல எல்லார் ஜாதகமும் மாறிடும், நடந்த கல்யாணமெல்லாம் செல்லாமப் போயிடும். வேணாம்னு விட்டுட்டு வந்தேன்."

"இழுத்துத் தொலைச்சிருக்கக் கூடாதா? எனக்கு நாப்பது வருஷக் கஷ்டம் தீந்திருக்கும்" என்று கோடிலிங்கம் பெருமூச்சு விட்டார். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

"அண்ணே, எல்லாத்தையும் நம்புறேன்" என்றாள். "கரடியப் பாத்தீங்க. ரேகையக் கட்டுனீங்க. வானத்துக்கும் போய் வந்தீங்க. இத்தன எடம் போனதுல, எங்கயாவது ஒரு எடத்துல மீன் புடிச்சீங்களா?"

உத்திராபதி அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். கடைசியில், "மீன ராசியையே தொட்டுட்டு வந்தவன்கிட்ட..." என்று இழுத்தார்.

"அதக் கூடையில அள்ளிட்டு வந்து ஏலத்துல கொட்ட முடியாதுண்ணே." அக்கா கோடிலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க முன்ன போட்டு ஓட்டுனவருதானே. உங்களுக்கு எத்தன எடம் தெரியும்?"

"மூணு."

"மீன் கெடைக்குமா?"

"ரெண்டுல கெடைக்கும். மூணாவதுல வலை கிழியும்."

"அந்த மூணாவதுக்குப் போவாதீங்க. பதினஞ்சாந் தேதி காலையில நீங்கதான் போட்டை எடுக்குறீங்க."

உத்திராபதி அண்ணனைப் பார்த்தேன். வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தடைக்காலத்துக்கு முந்தியே இரண்டு மாசமாகத் தொழில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அக்காவுக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும்.

"அண்ணே, போட்டுல சமைக்க ஒரு ஆளு குறையுது. வரீங்களா?"

அண்ணன் கூரையைப் பார்த்தார். துருவத்தைக் கட்டியவர், ரேகையை அறுத்தவர், மூணு நாள் சேட்டிலைட்டாக இருந்தவர். கௌரவம் குறையாமல் ரொம்ப நேரம் யோசித்தார்.

"வரேன். ஆனா தங்கச்சி, கொழம்புக்கு மீனு?"

"அத நாங்க புடிச்சுத் தர்றோம்."