சோளம் பறித்த களை

முன்னொரு காலத்தில் செம்போடை நாட்டை வேங்கைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒன்று நினைப்பார், மாலையில் வேறொன்று நினைப்பார். எதுவானாலும் உடனே நடந்தாக வேண்டும்.

ஒருநாள் அவருக்கு முல்லை நந்தவனம் வைக்கும் ஆசை வந்தது. அரண்மனைக்குப் பின்னால் இருந்த நிலத்திலோ சாரணை, குப்பைமேனி என்று களை மண்டிக் கிடந்தது. அமைச்சர் பதவி மேல் கண் வைத்திருந்த தோட்ட அதிகாரி வில்லவராயர் முந்திக்கொண்டு சொன்னார்: "வீட்டுக்கு ஒரு பெண் வந்து களை பறிக்கட்டும் மகாராஜா!"

பெண்கள் வந்தார்கள். பறித்த இடத்திலேயே அடுத்த மழைக்குக் களை மறுபடி முளைத்தது. சடைச்சி என்பவள் அமைச்சர் நம்பியழகரிடம் போய் அழுதாள்.

"அய்யா, ராசாவோட பூவுக்காக இங்கே குனிஞ்சு கெடக்கோம். அங்கே எங்க கேப்பையைக் களை அமுக்குது. புள்ளைங்களுக்கு எதைக் கிண்டிப் போடுறது?"

அமைச்சர் நேரே சபைக்குப் போனார். "மகாராஜா, பெண்களை அனுப்பிவிடுங்கள். கை படாமல் களையை அடக்க என்னிடம் ஆள் இருக்கிறது."

"யாரய்யா அது?"

"சோளம்!"

சபையே சிரித்தது. வில்லவராயர் துள்ளி எழுந்தார். "சோளம் களை பறிக்குமாம்! பறிக்காவிட்டால் அமைச்சர் பதவி எனக்கு. சரிதானா?"

"சரி" என்றார் அமைச்சர். வேடிக்கை பிடித்த ராஜாவும் தலையாட்டினார். பெண்கள் தங்கள் வயலுக்கு ஓடினார்கள்.

நிலத்தை உழுது சோளத்தை நெருக்கமாக விதைத்தார்கள். கதிர் முற்றி அறுத்தபோது அடியில் களை ஏதோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தது.

"இதெல்லாம் நிழல் செய்த வேலை மகாராஜா!" என்றார் வில்லவராயர். "வெயில் படாத இடத்தில் களை எப்படி வரும்?"

"நல்ல கேள்வி. பதிலையும் நீங்களே கண்டுபிடியுங்கள்" என்றார் அமைச்சர். "சோளம் அறுத்த மண் ஒரு தொட்டியில், வேலிக்கு வெளியே எடுத்த மண் இன்னொரு தொட்டியில். இரண்டிலும் ஒரே மாதிரிக் களை விதையை உங்கள் கையாலேயே தூவி, உங்கள் வீட்டு முற்றத்து வெயிலிலேயே வையுங்கள்."

சில வாரம் கழித்து ராயர் இரண்டு தொட்டிகளையும் சபைக்குக் கொண்டுவந்தார். வெளி மண்ணில் களை செழித்து நின்றது. சோள மண்ணில் நாலைந்து நாற்று, அதுவும் வெளிறிப்போய்.

"இது அநியாயம் மகாராஜா!" என்று ராயர் கத்தினார். "சோள மண்ணுக்கு மட்டும்தான் நான் எருவே போட்டேன்! தண்ணீரும் அதற்குத்தான் கூட ஊற்றினேன்! அப்படியும் வளரவில்லையே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அமைச்சரே, மண்ணில் என்ன மாயம்?"

"சோள வேர் ஒருவிதச் சாற்றை மண்ணில் கசியவிடுகிறது, மகாராஜா. சின்னக் களை விதைக்கு அது ஆகாது. முளைத்தாலும் தேறாது."

"என் முல்லைக்கு?"

"அந்தச் சாற்றின் வேகம் அதற்கும் ஆகாது. நல்ல மழை பெய்து மண் ஆறட்டும். பிறகு நடலாம்."

"காத்திருக்கிறேன்" என்றார் ராஜா. "ராயரே, கள்ளத்தனமாக எரு போட்ட கையாலேயே விளைந்த சோளத்தை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடும். அந்தப் பெண்களுக்கு நாம் பட்ட கடன் அது."

தலைச்சுமையோடு ராயர் சடைச்சி வாசலில் போய் நின்றார். அவள் சட்டி நிறையக் களி கொண்டுவந்தாள்.

"உக்காருங்க அய்யா, சாப்பிடுங்க."

"எனக்கா? நான் உங்களைப் படுத்தினவன் அம்மா."

"இருக்கட்டும். நீங்க எரு போட்டதாலதானே ராசா நம்பினாரு? இனிமே எங்களைக் களை பறிக்கக் கூப்பிட மாட்டாரு. எங்க கேப்பை பொழச்சுது. உங்களுக்கும் ஒரு கும்பிடு."

ராயர் தலைச்சுமையை இறக்கி வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டிச் சட்டியை வாங்கினார்.