வௌவால் இறக்கையை விரித்துக் காட்டிய கதை

உயிர்கள் எல்லாம் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை மருத மரம் ஒன்றில் வௌவால் கூட்டம் ஒன்று குடியிருந்தது. இரவெல்லாம் இலுப்பைப் பழம் தின்றுவிட்டு, விடியும் முன் வரிசையாகப் பறந்து வரும். வந்து ஒரே நீளக் கிளையில் தொங்கும். அந்தக் கிளையில் சாணுக்கு ஒரு கணு இருந்தது. ஒல்லியான ஆளுக்கு இரண்டு கணு இடம் போதும். பிள்ளைக்காரிக்கு மூன்று வேண்டும்.

யார் எந்தக் கணுவில் தொங்குவது என்று சொல்கிற வேலை தோப்பய்யா என்ற கிழ வௌவாலுடையது. நேர்மையானவர். கணக்குத் தப்பவே தப்பாது. ஒரே ஒரு தொல்லை, ஒவ்வொரு ஆளுக்கும் கிளையின் அடிக்குப் போய் முதல் ஆளிலிருந்து மறுபடி கூட்டிக்கொண்டு வருவார்.

"அய்யா, முன்னவருக்கு இப்பதானே கூட்டினீங்க? அதோட இவரு அளவைச் சேர்த்தாப் போதாதா?" என்று ஒருநாள் கரியாள் கேட்டாள்.

"அது அவருக்குக் கூட்டினது. இது இவருக்கு," என்றார் தோப்பய்யா, மறுபடி அடிமரத்துக்கு நகர்ந்துகொண்டே.

கரியாள் வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு பறப்பவள். அதனால் வரிசையில் எப்போதும் கடைசி. அவள் முறை வருவதற்குள் சூரியன் உச்சிக்கு ஏறியிருக்கும். வெளிச்சத்தில் கண் கூசும். அதற்காகவே ஒரு காக்கை கீழே வேரில் வந்து உட்கார்ந்திருக்கும்.

"இன்னைக்கும் நீதான் கடைசியா? நல்லது, நல்லது," என்று அது விசாரிக்கும்.

ஒருநாள் விசாரிப்போடு நிற்கவில்லை. பாய்ந்து வந்து குட்டியைக் கொத்தப் பார்த்தது. கரியாள் இறக்கையைக் குறுக்கே கொடுத்தாள். இறக்கை கிழிந்தது, குட்டி பிழைத்தது. அன்று பகல் முழுவதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக்கும் காக்கை வரும், நாளைக்கும் தோப்பய்யா முதலிலிருந்துதான் கூட்டுவார்.

மறுநாள் விடியலில், மரத்துக்குச் சற்றுத் தொலைவிலேயே கரியாள் தனக்கு முன்னால் பறந்த மெல்லிசாளைக் கூப்பிட்டாள்.

"மதினி! உங்க வரைக்கும் மொத்தம் எத்தனை கணு?"

"எனக்கு ரெண்டு. மத்தவங்க சங்கதி எனக்கெப்படித் தெரியும்?"

"முன்னாடி இருக்கிறவரைக் கேளுங்க. அவரு தன் முன்னவரைக் கேக்கட்டும்."

கேள்வி முதுகு முதுகாகத் தாவி வரிசையின் தலைக்குப் போனது. முதல் வௌவால் திரும்பி, "என் வரைக்கும் ரெண்டு," என்றது. அடுத்தது தன் இரண்டைச் சேர்த்து, "என் வரைக்கும் நாலு," என்றது. அதற்கடுத்த பிள்ளைக்காரி, "என் வரைக்கும் ஏழு," என்றாள். முன்னவர் சொன்ன கணு எதுவோ, அதற்கு அடுத்த கணுவில் தன் இடம் தொடங்குகிறது. தோப்பய்யாவிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. மரத்தை நெருங்கியபோது எல்லாருக்கும் இடம் தெரிந்திருந்தது. கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சில் கிளையில் தொங்கியது.

தோப்பய்யா அப்போதுதான் அடிமரத்தில் நின்று, "முதல் ஆளுக்கு ரெண்டு..." என்று ஆரம்பித்திருந்தார். காக்கை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஏழெட்டு நாள் இப்படியே நன்றாகப் போயிற்று. அப்புறம்தான் பம்பையன் கெடுத்தான்.

பம்பையன் சாப்பாட்டுப் பிரியன். அவனுக்கு ஐந்து கணு வேண்டும். வழக்கமாக வரிசையின் நடுவில் வருகிறவன், அன்று இலுப்பையை விட மனசில்லாமல் பிந்திவிட்டான். அவனுக்குப் பின்னால் வந்தவள் மெல்லிசாள். அவளிடம் பேச இத்தனை நாளாக ஒரு சந்தர்ப்பம் தேடிக்கொண்டிருந்தவன் அவன்.

முன்னவர், "என் வரைக்கும் முப்பது," என்றார். முப்பத்தைந்து என்று சொல்ல வாயெடுத்தான் பம்பையன். மெல்லிசாள் காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள். அவன் வயிற்றை எக்கிக்கொண்டு, "முப்பத்திரண்டு," என்றான்.

"முப்பத்தி நாலு," என்று மெல்லிசாள் கரியாளுக்குச் சொன்னாள். கரியாள் நம்பினாள்.

பம்பையனுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் சௌகரியமாகத் தொங்கிக் கண்ணை மூடிவிட்டார்கள். முப்பத்து மூன்றாம் கணுவைத் தேடி வந்த மெல்லிசாளின் காலில் அகப்பட்டது கணு அல்ல, பம்பையனின் தொந்தி. அவள் இறுகப் பற்றிக்கொண்டாள். முப்பத்தைந்தாம் கணுவுக்கு வந்த கரியாளும் அவன் விலாவைப் பிடித்தாள்.

"ஐயோ, கூசுது! விடுங்க! கூசுது!" என்று கத்தினான் பம்பையன். சிரித்துச் சிரித்துக் கால்பிடி நழுவியது. மூவரும் குட்டியும் ஒரே கொத்தாகக் கீழே விழுந்தார்கள். மறுபடி வந்து பார்ப்போமே என்று அன்று வேரில் உட்கார்ந்திருந்த காக்கையின் மேல்தான் விழுந்தார்கள். பம்பையன் அடியில் இருந்தான். காக்கை ஒருவழியாகத் தன்னை உருவிக்கொண்டு, வாலில் பாதியை அங்கேயே விட்டுவிட்டுப் பறந்தது.

"இதுக்குத்தான் முதல்லருந்து கூட்டணும்னேன்!" என்றார் தோப்பய்யா மேலிருந்து.

"கூட்டினதுல தப்பில்லை அய்யா. இவரு கொடுத்த அளவு பொய்," என்றாள் கரியாள், குட்டியை நக்கிச் சரிபார்த்துக்கொண்டே. "இவருக்கு முன்னாடி ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை, பாருங்க. பின்னாடி வந்த நாங்கதானே விழுந்தோம்?"

மெல்லிசாள் பம்பையனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாளையிலிருந்து வாயால சொன்னா நம்பமாட்டேன். இறக்கையை முழுசா விரிச்சுக் காட்டணும். என் கண்ணால பார்த்த பிறகுதான் உங்க கணக்கை வாங்குவேன்."

"எல்லார் முன்னாடியுமா?" என்றான் பம்பையன்.

"எல்லார் முன்னாடியும்தான்."

அன்று தொடங்கிய வழக்கம்தான், இன்றும் விடியற்காலையில் மரத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு வௌவாலும் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக் கீச்சுக்கீச்சென்று கத்துவதும், இறக்கையை ஒருமுறை அகல விரித்துக் காட்டிவிட்டு அப்புறம் போர்த்திக்கொண்டு தூங்குவதும்.