கொட்டாவிப்பட்டியில் தாறுமாறாக நட்ட நூறு பெட்டிகள்

கொட்டாவிப்பட்டிக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்றால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் தண்ணீருக்காக ஆறு இடத்தில் போர் போட்டு ஆறிலும் புழுதிதான் வந்தது. ஏழாவதுதான் கடைசி, அதிலும் தண்ணீர் இல்லையென்றால் மூட்டை முடிச்சைக் கட்டுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

இடம் பார்த்துச் சொல்ல மெர்லின் என்ற பொறியாளர் ஜீப்பில் வந்தார். கூடவே ஒரு கம்ப்யூட்டர், உள்ளங்கை அளவில் நூறு பெட்டிகள்.

"நிலத்தைச் சம்மட்டியால அடிப்போம். அதிர்வு கீழே போய், பாறையில முட்டித் திரும்பி வரும். அதை இந்தப் பெட்டிங்க கேட்டுச் சொல்லும். முன்னெல்லாம் நானூறு இடத்துல நடணும். இப்போ கால்வாசி போதும், மீதி முக்காலைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு நிரப்பிக்கும். ஆனா வரிசையா மட்டும் நடாதீங்க. வரிசையா நட்டா, இல்லாத பாறையெல்லாம் இருக்கிற மாதிரி காட்டும். தாறுமாறா நடணும்."

அந்த ஊரில் கோழிகூட வரிசையில் நின்றுதான் குப்பையைக் கிளறும். ஊர்த் தலைவர் பொன்னுரங்கத்துக்கு வியர்த்துவிட்டது. உடனே கூட்டம் போட்டார்.

"தாறுமாறுன்னா எத்தனை அடிக்கு ஒண்ணு?"

"ஏழு அடிக்கு ஒண்ணு வைப்போம்" என்றார் கொத்தனார் சங்கிலி. "நூல் பிடிச்சு நட்டாத்தான் தாறுமாறு பிசகாம வரும்."

ஏழு அடிக்கு ஒரு தாறுமாறு என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. சங்கிலி நூல் பிடிக்க, ரசமட்டம் வைத்து நூறு பெட்டியையும் நட்டார்கள். மெர்லின் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் போர் வண்டி வருதுங்க! எல்லாத்தையும் பிடுங்குங்க!"

மறுபடி கூட்டம். வார்டு உறுப்பினர் பேச்சியம்மாள் எழுந்தார்.

"நம்ம கை பழகின கை, வரிசையாத்தான் வைக்கும். என் ஆட்டை அவுத்து விடுவோம். அது நிக்கிற இடத்துல எல்லாம் நடுவோம்."

ஆடு நேராகத் தலைவர் வீட்டு முருங்கை மரத்தடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. எழுந்திருக்கவேயில்லை. நூறு பெட்டியையும் ஆட்டைச் சுற்றி நட்டார்கள்.

"ஆட்டுக்கு அறிவு இல்ல" என்றார் சங்கிலி.

"நூல் பிடிச்சவருக்கு மட்டும் கொட்டிக் கிடக்குதாக்கும்!" என்றார் பேச்சியம்மாள்.

"என் மரத்தடியைக் கெடுத்துட்டு ரெண்டு பேரும் பேச்சைப் பாரு!" என்றார் தலைவர்.

ஊரே மூன்றாகப் பிரிந்தது. ஆளுக்கொரு கை பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, அடுத்தவர் முகத்தில் விழிக்காத திசையாகப் பார்த்து நடந்து, கோபம் தீர்ந்த இடத்தில் குத்திவிட்டு வந்தார்கள். ஒருவர் நட்ட பக்கம் இன்னொருவர் காலடி வைக்கவில்லை.

மெர்லின் வந்து பார்த்தார்.

"இதுதாங்க! இதேதாங்க வேணும்!"

"மன்னிச்சுக்கங்க மேடம்" என்றார் தலைவர் தலைகுனிந்து. "சண்டையில வரிசை குலைஞ்சு போச்சு."

சம்மட்டி விழுந்தது. கம்ப்யூட்டர் யோசித்து, கோயில் மேட்டுக்கு வடக்கே முந்நூற்று இருபது அடியில் தண்ணீர் என்றது. மறுநாள் போர் வண்டி முந்நூறு அடி போகும்வரை புழுதிதான். அப்புறம் சேறு வந்தது. அப்புறம் பனை உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

மெர்லின் மகிழ்ச்சியோடு கிளம்பினார். ஜீப் நகரவில்லை. முன்னும் பின்னும் சக்கரத்துக்கு அடியிலும் குடம் குடமாகக் கிடந்தது. ஒவ்வொன்றிலும் கால்வாசிதான் தண்ணீர். அந்தப் பக்கம் போர்க் குழாய் தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னங்க இதெல்லாம்?"

"நீங்க சொன்ன மாதிரியே கால்வாசி பிடிச்சாச்சு மேடம்" என்றார் தலைவர். "தாறுமாறாவும் வச்சாச்சு. அதுக்காகவே இன்னொரு தடவை சண்டை போட்டோம்."

பேச்சியம்மாள் தன் குடத்தைத் தூக்கி, கம்ப்யூட்டர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"மீதி முக்காலைச் சட்டுனு நிரப்பச் சொல்லுங்கம்மா. உலை வைக்க நேரமாச்சு."