இரவல் குப்பைமேடு

பூசணிக்குளத்துக்காரர்களைப் பற்றி எதையும் கூட்டிச் சொல்லவேண்டிய அவசியம் எனக்கு இருந்ததே இல்லை. உள்ளதைக் குறைத்துச் சொன்னால்தான் வெளியூர்க்காரர்கள் நம்புகிறார்கள். அதனால் இதையும் கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன்.

அந்த ஊர்க் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் ஒரு குப்பைமேடு இருந்தது. அழுகின தக்காளி, முற்றின வெண்டை, முட்டைக்கோஸ் இலை என்று பல வருஷமாகக் கொட்டி வளர்த்தது. பஸ்ஸில் தூங்குகிறவர்களைக் கூட அந்த நாற்றமே எழுப்பி இறக்கிவிடும். ஒருநாள் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. முப்பதாம் தேதி ஆணையர் அம்மா குப்பைமேட்டை நேரில் பார்வையிடுவார், மேடு அகற்றப்படாவிட்டால் சந்தை கீழமருதடிக்கு மாற்றப்படும் என்று அதில் இருந்தது.

கடிதத்தைக் கேட்டதும் கீரைக்கடை ஆவுடைத்தாய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழமருதடிக்குக் காலையில் ஒரே பஸ்தான். அதில் கீரைக்கட்டு ஏற்ற விடமாட்டார்கள். சந்தை போனால் அவள் பிழைப்பும் போச்சு.

சந்தைச் சங்கத் தலைவர் வெங்காயக்கடை வைரப்பெருமாள் அண்ணாச்சி, வேளாண் கல்லூரிக்கு ஆள் அனுப்பினார். ஜெசிந்தா என்ற பெண் நான்கு தொட்டி நிறையப் புழுக்களோடு வந்தாள். இவை ஒருவகை ஈயின் புழுக்கள், எந்த அழுகலையும் தின்று நல்ல உரமாக்கிவிடும் என்று விளக்கினாள். போகும்போது, "விருந்தாளி மாதிரி கவனிச்சுக்கோங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பெண் ஒரு பேச்சுக்குச் சொன்னாள். பூசணிக்குளத்தில் பேச்சுக்குச் சொல்வது என்று ஒன்று கிடையாது.

முதல் நாளே வாழையிலை போட்டார்கள். வைரப்பெருமாள் கைகூப்பி, "கூச்சப்படாம சாப்பிடணும்" என்று நாலு தொட்டியிலும் தனித்தனியாகச் சொன்னார். பூசணிக்காய்க் கடை சுடலைமுத்து அழுகின கத்தரிக்காயை அளவாக வைத்துவிட்டு, மறுசோறு கேட்பார்களா என்று பக்கத்திலேயே நின்றான். மறுநாள் பார்த்தால் கத்தரிக்காயும் இல்லை, இலையும் இல்லை.

ஆவுடைத்தாயோடு சேர்த்து மூவருக்கும் முகம் கறுத்துப்போனது.

"இலையையும் சேத்துல்லா தின்னிருக்காவ. அந்தளவுக்கா பசியில விட்டோம்?" என்றாள் ஆவுடைத்தாய்.

"நம்ம ஊரு மானமே போச்சு," என்றார் வைரப்பெருமாள். "இனிமே இலையில மிச்சம் விழுதவரைக்கும் பரிமாறணும்."

இலையில் மிச்சம் விழுவதாக இல்லை. வெட்கம் தாங்காமல் மண்வெட்டியால் பரிமாறினார்கள், பிறகு தள்ளுவண்டியில் பரிமாறினார்கள். மேடு ஒருபக்கம் சரிய ஆரம்பித்தது.

நான்காம் நாள் சுடலைமுத்து ஒரு சிக்கலைக் கிளப்பினான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றுதானே பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், நான்காம் நாளும் வைத்துக்கொள்வது முறையா என்று கேட்டான். பாதி நாள் இதைப் பேசினார்கள். கடைசியில் வைரப்பெருமாள் வழி கண்டுபிடித்தார். தொட்டிகளைச் சந்தை வாசலுக்கு வெளியே தூக்கிக்கொண்டுபோய், "நல்லது, போயிட்டு வாங்க" என்று வழியனுப்பினார்கள். பிறகு ஆரத்தி எடுத்து, "வாங்க வாங்க, பாத்து எம்புட்டு நாளாச்சு" என்று உள்ளே தூக்கிவந்தார்கள். அன்றிலிருந்து மூன்று நாளுக்கு ஒருதரம் இது நடந்தது. தொட்டி தூக்கித் தூக்கிச் சுடலைமுத்துவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இருபதாம் நாள் பெரிய புழுக்களெல்லாம் கறுத்துப்போய், தொட்டிச் சுவரில் ஏறி வெளியேற ஆரம்பித்தன.

"கோவிச்சுக்கிட்டுப் போறாவ," என்று சுடலைமுத்து தழுதழுத்தான். "மூணு நாளா தொடர்ந்து முள்ளங்கியே போட்டோம். யாருக்குத்தான் கோவம் வராது?"

வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டிப் பார்த்தார்கள். புழுக்கள் தட்டின்மேல் ஏறி அந்தப் பக்கமாக இறங்கிப் போயின. ஆவுடைத்தாய் அழுதுகொண்டே ஜெசிந்தாவுக்குப் போன் போட்டாள். அவை வளர்ந்துவிட்டன, மண்ணுக்குள் போய் ஈயாக மாறி, முட்டையிடத் திரும்பி வரும், சின்னப் புழுக்கள் இன்னும் தொட்டியில்தான் இருக்கும் என்று அவள் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் ஊருக்கே சோறு இறங்கியது.

இருபத்தெட்டாம் தேதி மேடு இருந்த இடத்தில் மேடு இல்லை. கறுப்பாக, பொலபொலவென்று, காப்பித்தூள் மாதிரி உரம்தான் இருந்தது. ஆவுடைத்தாய் அதை ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, ஒரு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். பிழைப்பு தப்பியது என்று அவள் நினைத்த நேரத்தில், வைரப்பெருமாள் கடிதத்தை இன்னொரு தரம் படித்தார்.

"ஏத்தா, மோசம் போயிட்டோம். 'ஆணையர் குப்பைமேட்டை நேரில் பார்வையிடுவார்'னுல்லா போட்டிருக்கு. நாளன்னைக்கு அம்மா வந்து மேடு எங்கன்னு கேட்டா எதைக் காட்ட?"

மூவரும் காலியிடத்தைப் பார்த்தார்கள். ஒரு அதிகாரியைக் கூப்பிட்டுவைத்து ஏமாற்றுவதா? பொழுது சாய்வதற்குள் கீழமருதடிக்கு லாரி போனது. அங்கேயும் ஒரு குப்பைமேடு உண்டு. இரண்டு நாளைக்கு இரவல் என்று கேட்டதும் அந்த ஊர்க்காரர்கள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அவர்களே லாரியில் ஏற்றியும் விட்டார்கள். கொண்டுவந்து கொட்டியதும் நடுவில் ஒரு மூங்கிலை நட்டு, எந்த மட்டம்வரை வாங்கினோம் என்பதற்கு அடையாளமாகச் சிவப்புத் துணி கட்டினார் வைரப்பெருமாள். இரவல் விஷயத்தில் அவர் கறார்.

முப்பதாம் தேதி ஆணையர் வந்தார். மேட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஒரு மாசம் டைம் குடுத்தும் அப்படியே இருக்கே?"

"இது எங்க மேடு இல்லம்மா," என்றார் வைரப்பெருமாள் பணிவாக. "எங்க மேடு தீந்துட்டு. நீங்க பாக்க வாரியளேன்னு இதை வெளியூர்ல இருந்து கொண்டாந்தோம்."

ஆணையர் தொட்டிகளைப் பார்த்தார், உரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார், கடிதத்தை வாங்கிப் படித்தார். குப்பையை ஒளித்துவைத்த ஊர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இரவல் வாங்கிக் காட்டிய ஊரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்துக்கொண்டே, சந்தை இங்கேயே இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆவுடைத்தாய் அவர் கையில் இரண்டு கட்டு முருங்கைக்கீரையைத் திணித்துவிட்டு வாய்விட்டு அழுதாள். ஜீப்பில் ஏறும்போது ஆணையர், இந்தக் குப்பையை எடுத்த இடத்திலேயே சேர்த்துவிடுங்கள் என்றார்.

சேர்த்துவிடலாம் என்று போனால், மேடு சிவப்புத் துணிக்கு ஒரு முழம் கீழே இருந்தது. தொட்டியிலிருந்த சின்னப் புழுக்கள் எப்போதோ அதில் இறங்கிப் பந்தியைத் தொடங்கிவிட்டன. வாங்கின பொருளைக் குறைத்துத் திருப்பிக் கொடுத்தால் ஊர் பேர் என்ன ஆகும்? வீடுவீடாகப் போய்க் காய்த்தோலும் பழத்தோலும் வாங்கிவந்து துணி மட்டத்துக்கு நிரப்பினார்கள். மறுநாள் லாரி வருவதற்குள் மறுபடி ஒரு முழம் இறங்கியிருந்தது. மறுபடி நிரப்பினார்கள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷமாகிறது. ஊரில் இப்போது மருந்துக்குக்கூட ஒரு பழத்தோல் கீழே கிடப்பதில்லை, ஆவுடைத்தாயின் கீரை இடுப்புயரம் வளர்கிறது. ஆனால் இரவலைத்தான் இன்னும் திருப்பிக் கொடுத்தபாடில்லை. போன வாரம் வைரப்பெருமாள் மனது கேட்காமல் கீழமருதடிக்கே போய், இன்னும் கொஞ்சம் தவணை வேண்டும் என்று தலைகுனிந்து நின்றாராம்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, மெதுவாத் தாங்க," என்று அந்த ஊர்க்காரர்கள் பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். "எங்ககிட்ட இன்னொரு மேடு சும்மாத்தான் கிடக்கு. அதையும் வேணும்னா கொண்டுபோங்க."