ஓநாய்கள் இருந்த காலத்துக்கு ஒரு பெயர்

மருதங்காட்டுக் குளக்கரையில் விலங்குகளும் பறவைகளும் கூடியிருந்தன. மலைக்கு அப்பாலிருந்து ஓநாய்க் கூட்டம் வந்து, குளத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு மழைக்காலத்திலிருந்து மறு மழைக்காலம்வரை காட்டையே ஆட்டிப் படைத்த கதையை மைனா பாட்டாகக் கட்ட வேண்டும். இனிப் பிறக்கும் குட்டிகளெல்லாம் அதைக் கேட்டுத்தான் வளரும். ஆனால் முதல் அடியிலேயே மைனா நின்றுவிட்டது. அந்தக் காலத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் யாரும் ஒத்துப்போகவில்லை.

கூட்டத்தில் தும்பை என்ற சருகுமானும் நின்றிருந்தாள். ஓநாய்கள் வந்தபோது அவள் பால்குடி மறக்காத குட்டி. தண்ணீர்த் துறையில் தாயைப் பறிகொடுத்தாள். அவளையும் வேறு சில மான்குட்டிகளையும் வேலம்மா என்ற முள்ளம்பன்றிதான் தன் வளைக்குள் ஒளித்து வைத்தாள். ஓநாய்கள் மோப்பம் பிடித்து வந்தபோதெல்லாம் வளை வாயை முதுகால் அடைத்துக்கொண்டு, முள்ளைச் சிலிர்த்து நின்றாள். ஓர் ஓநாய் அவள் பின்னங்காலைக் கடித்துக் குதறியது. அப்போதும் அவள் நகரவில்லை. இன்றும் நொண்டித்தான் நடக்கிறாள்.

நரி முதலில் பேசியது. ஓநாய்கள் இருந்தவரை சிறுத்தை எட்டிப் பார்க்கவில்லை, ஆகவே 'காவல் காலம்' என்பதே நியாயம் என்றது. ஓநாய்கள் தின்ற மிச்சத்தில் கொழுத்தது நரிக் கூட்டம். காட்டெருமை கொதித்துப்போய், 'கொள்ளைக் காலம்' என்றுதான் வைக்க வேண்டும் என்றது. பேச்சு தடித்தது.

நாரை கழுத்தை நீட்டிச் சமாதானம் சொன்னது. "நாம் யார் பக்கமும் சாய வேண்டாம். கோடையில் ஓநாய்கள் மறுபடி தண்ணீருக்கு வரலாம். வீண்பகை எதற்கு? 'ஓநாய்கள் தங்கியிருந்த காலம்' என்று வைப்போம். யாருக்கும் வலிக்காது."

சச்சரவு ஓய்ந்தால் போதும் என்று பலரும் தலையாட்டினார்கள். மைனா பாடத் தொடங்கியது. ஓநாய்கள் வந்து தங்கின, குளத்து நீரைக் குடித்தன, முள்ளம்பன்றி மான்குட்டிகளைத் தன் வளைக்குள் வைத்திருந்தது என்று பாடியது.

நரி அதைப் பிடித்துக்கொண்டது. "தங்க வந்தவர்களிடமிருந்து குட்டிகளை எதற்கு ஒளிக்க வேண்டும்? திருடினாள் என்று பாடு."

கூட்டத்திலிருந்த வேலம்மா நொண்டியபடி ஓரமாக விலகினாள். அதுவரை சபையில் வாய் திறக்காத தும்பை முன்னால் வந்து நின்றாள்.

"நாரையாரே, அவர்கள் தங்க வந்தவர்கள் என்றால் வேலம்மா எங்களை எதிலிருந்து காத்தார்? ஓநாய்க்கு வலிக்காத பெயரைத் தேடினீர்கள். இவர் கால் வலி அதில் காணாமல் போய்விட்டதே."

அப்படியானால் ஓநாய்களைத் திட்டிப் பாட வேண்டுமா என்று நாரை கேட்டது.

"வேண்டாம். நடந்ததைப் பாடுங்கள். வேலம்மாவிடம் சேருமுன் ஓர் ஓநாய் என்னைப் புதருக்குள் பார்த்தும் காட்டிக்கொடுக்காமல் போனது. அதற்கும் நான் நன்றிக்கடன் பட்டவள், அதையும் பாடுங்கள். ஆனால் பறித்ததைப் பறித்தது என்றே சொல்லுங்கள்."

நாரை நீட்டிய கழுத்தைத் தாழ்த்திக்கொண்டது. பிறகு, "என் கூடு மர உச்சியில் இருந்தது. கீழே நடந்தது எனக்கு எட்டவில்லை. அதையே நடுநிலை என்று நினைத்துவிட்டேன்" என்றது.

'குளத்தைப் பறிகொடுத்த காலம்' என்று பெயர் நிலைத்தது. மைனா மறுபடி பாடியது. வளை வாயில் வேலம்மா நின்ற அடி வந்ததும் அவளிடம் வளர்ந்த மான்களெல்லாம் அவளைச் சுற்றி வந்து தலை தாழ்த்தின. நரி மட்டும் மெல்ல நழுவியது.

வீடு திரும்பும்போது தும்பை வேலம்மாவின் நடைக்கு ஈடாக மெதுவாக நடந்தாள்.

"எனக்கு எதற்குடி பாட்டெல்லாம்?" என்று வேலம்மா அலுத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எங்களுக்காகத்தான் அம்மா. யாரால் உயிரோடு இருக்கிறோம் என்று எங்கள் குட்டிகளுக்கும் தெரிய வேண்டாமா?"

கொடுமையின் பெயரைப் பூசி மெழுகினால், அதிலிருந்து நம்மைக் காத்தவர்களுக்கு நாம் பட்ட நன்றிக்கடனும் அதோடு அழிந்துபோகும்.