மேஸ்திரி அடைத்த பொந்து

"தாயி, உட்கார முடியல. கண்ண மூடினா ஒரே இரைச்சல்."

தியானம் பழக மடத்தில் வந்து தங்கியிருந்த திருமேனி மேஸ்திரி இப்படிச் சொன்னபோது, மடத்தை நடத்திவந்த மடத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எங்கே இரைச்சல்?"

மேஸ்திரிக்கு அறுபத்திரண்டு வயது. மடத்தம்மாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அந்த அம்மாள் இப்படி நேராகக் கேட்டுவிட்டால் மனுஷனுக்கு நாக்கு எழும்பாது.

எங்கே என்று அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அவர் கட்டிய கல்யாண மண்டபத்தில், சாரக் கயிறு அறுந்து ஆண்டிச்சாமி என்ற கையாள் விழுந்து செத்தான். கயிறு இற்றுப்போயிருப்பதைக் காலையிலேயே பார்த்தவர் மேஸ்திரி. பார்த்துவிட்டு ஏறச் சொன்னவரும் அவர்தான். போலீஸ் வருவதற்குள் பிராந்தி வாங்கிவந்து செத்தவன் சட்டையில் ஊற்றினார். 'குடித்துவிட்டு ஏறியிருக்கிறான்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாவி மனுஷன், வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டவனில்லை அந்த ஆண்டிச்சாமி.

போன மாதம் மேஸ்திரியின் ஊர்க்காரர் ஒருத்தர் மடத்துக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசினார். ஆண்டிச்சாமி மகள் செல்லக்கிளிக்குப் பேசி முடித்த கல்யாணம் நின்றுபோச்சாம். குடித்துச் செத்தவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்களாம். அந்தப் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லையாம்.

அன்றைக்குப் பிடித்த இரைச்சல்.

இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வாரா மேஸ்திரி? கையை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

"அந்தா, தியானக் கூடத்துச் சுவத்துல தாயி. தேனீ கூடு கட்டியிருக்கு."

தேனீ இருந்தது வாஸ்தவம். அந்தச் சுவரில் முன்பு ஒரு விளக்கு மாடம் இருந்தது. எவனோ ஒற்றைச் செங்கல் வைத்து அதை அடைத்திருந்தான். உள்ளே வெற்றிடம். விரல் நுழைகிற ஓட்டை வழியாகத் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. ஒருத்தரையும் கொட்டியதில்லை.

மடத்தம்மா சுவரைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"மலையில தேன் எடுக்கிற ஆளு பத்து நாள்ல வருவான். நோகாம எடுத்துப் பெட்டியில வச்சிருவான். அதுவரைக்கும் பொறுங்க."

"பத்து நாளா?"

"பத்து நாளு."

மறுநாள் பக்கத்து ஊரில் ஒரு துட்டி. மடத்தம்மா துக்கம் கேட்கப் போனார்.

மேஸ்திரிக்குப் பொறுக்குமா? நாற்பது வருஷம் ஓட்டையைக் கண்டால் அடைத்துப் பழகிய கை. பொழுது சாய்கிறவரை காத்திருந்தார். தேனீயெல்லாம் கூட்டில் அடைந்தன. பருத்திக்கு அடிக்கிற மருந்தை ஸ்பிரேயரில் ஊற்றி, ஓட்டையில் வைத்து, காலியாகிறவரை அடித்தார்.

உள்ளே சத்தம் முதலில் பெரிதாக எழுந்தது. சுவரே அதிர்ந்தது. மேஸ்திரி காதைப் பொத்திக்கொண்டார்.

பிறகு அடங்கிவிட்டது.

சிமெண்டைக் குழைத்து ஓட்டையை அடைத்தார். சுவர் முழுக்கப் பூசினார். அடேயப்பா, என்ன வேலைத்திறம்! எது பழசு எது புதுசு என்று அவருக்கே தெரியவில்லை.

மடத்தம்மா திரும்பி வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சத்தம் நின்னுருச்சா மேஸ்திரி?"

"நின்னுருச்சு தாயி."

"உள்ளேயும்?"

"உள்ளேயும்தான்."

பச்சைப் பொய். மடத்தம்மா தேன் எடுக்கிற ஆளுக்கு வரவேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டுக் குளிக்கப் போனார்.

சித்திரை வெயில். எட்டாம் நாள் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. மேஸ்திரி சுண்ணாம்பு அடித்தார். மறுநாள் ஈரம் தலையணை அளவுக்கு விரிந்தது. கறுப்பாக ஏதோ கசிந்து தரைக்கு இறங்கியது. எறும்பு சாரைசாரையாக வந்தது. அப்புறம் நாற்றம். செத்த எலி நாற்றம் கூட இதற்குத் தேவலை.

தேனடையைக் கோடையில் விசிறி விசிறிக் குளிர வைப்பது தேனீக்கள்தான். விசிற ஆளில்லாமல் அடை உருகிவிட்டது. உள்ளே இருந்த புழுவெல்லாம் அழுகிவிட்டது. கட்டடம் தெரிந்த மேஸ்திரிக்கு இது தெரியவில்லை.

மடத்தம்மா தம் பாயைக் கொண்டுவந்து அந்தச் சுவர் ஓரமாகவே போட்டார். தியானமும் அங்கேதான். கஞ்சியும் அங்கேதான்.

"தாயி, வேற எடத்துல உட்காருங்களேன்."

"ஏன்? சத்தம் இல்லையே."

"நாறுதே தாயி."

"நீங்க கேட்டது சத்தத்தைத்தானே?"

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. எங்கிருந்தோ தேனீக்கள் வர ஆரம்பித்தன. கசிவை நக்கின. நக்கிவிட்டு முற்றத்தில் விழுந்து, மல்லாந்து, கால்களை உதைத்துச் செத்தன. மேஸ்திரி துடைப்பத்தால் கூட்டி அள்ளினார். அடுத்த நாள் இன்னும் வந்தன. அதற்கடுத்த நாள் முறம் நிறைந்தது.

"இதுக எந்தக் கூட்டுத் தேனீ தாயி?"

"தெரியல."

"நான் இதுகளுக்கு மருந்து அடிக்கலயே!"

"இல்ல."

"இதுக என்ன பாவம் பண்ணுச்சு?"

மடத்தம்மா முறத்தை மேஸ்திரி கையிலிருந்து வாங்கி, அவர் முன்னால் தரையில் வைத்தார்.

முறத்தில் ஒரு தேனீ இன்னும் சாகாமல் கிடந்தது. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. மேஸ்திரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நின்றவருக்கு என்ன தோன்றியதோ, "ஐயோ, செல்லக்கிளிப் பிள்ளே" என்று ஒரு சத்தம் போட்டார்.

ஓடிப்போய்ச் சுத்தியலையும் உளியையும் எடுத்துவந்தார்.

தாம் பூசிய பூச்சைத் தாமே கொத்தினார். செங்கல் விழுந்தது. உள்ளே கறுத்துத் தொங்கிய அடை மொத்தமாகச் சரிந்து அவர் கையில் விழுந்தது. அறை அறையாகச் செத்த குஞ்சுகள். மேஸ்திரி முகத்தைத் திருப்பவில்லை. இரண்டு கையாலும் வாரி வாரி வெளியே போட்டார். முழங்கைவரை வழிந்தது. பெரிய மனுஷன், தேம்பித் தேம்பி அழுதார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். இற்றுப்போன கயிற்றைச் சொன்னார். பிராந்தியைச் சொன்னார். "சட்டைப் பித்தானை இந்தக் கையாலதான் தாயி கழட்டினேன், நல்லா நனையணும்னு," என்றார். செல்லக்கிளி கல்யாணத்தையும் சொன்னார்.

மடத்தம்மா முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

சொல்லி முடித்தபோது பொழுது உச்சிக்கு வந்திருந்தது.

"எனக்கு மன்னிப்பு உண்டா தாயி?"

"என்னைக் கேட்டா? நானா உங்க சாரத்துலேருந்து விழுந்தேன்?"

மேஸ்திரி எழுந்தார். அழுகலும் தேனுமாக ஒட்டிக்கிடந்த கைகளை விரித்துப் பார்த்தார்.

"போறேன் தாயி. ஆண்டிச்சாமி பொண்டாட்டிகிட்டயும் சொல்றேன், மாப்பிள்ளை வீட்டுலயும் சொல்றேன், போலீஸ்லயும் சொல்றேன். கையைக் கழுவக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

மடத்தம்மா தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தமக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"ஆண்டிச்சாமி வீட்டு வாசல்ல போய்க் கேளுங்க மேஸ்திரி. அவ ஊத்தினா கழுவிக்கிடுங்க."